ஸ்டவர்ஹெட் தோட்டம்: எந்தப் பக்கமிருந்து சுற்றத் தொடங்குவது?

தேன்சிட்டு கேட்டது:

வணக்கம். அக்டோபர் கடைசியில் ஒரு பகல் முழுக்க வில்ட்ஷயரில் இருக்கும் ஸ்டவர்ஹெட் தோட்டத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். இணையத்தில் தேடினால் திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வருகிறது: முன்னால் ஐந்து வளைவுள்ள கல் பாலம், நடுவில் ஏரி, அக்கரையில் தூண் வைத்த மண்டபம். அங்கே நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவது எங்கள் நோக்கமில்லை. 18-ஆம் நூற்றாண்டில் இந்தத் தோட்டத்தைப் போட்ட ஹென்றி ஹோர் எப்படிப் பார்க்க வேண்டும் என்று நினைத்தாரோ, அப்படிப் பார்க்க ஆசை.

ஏரியை எந்தத் திசையில் சுற்ற வேண்டும்? இலையின் நிறமும் தண்ணீரில் விழும் பிம்பமும் சேர்ந்து கிடைக்க எது நல்ல நேரம்? ஏரி செயற்கை என்கிறார்கள்; அப்படியானால் கரை எங்கே, ஏன் கண்ணில் படுவதில்லை? ரோமானியக் கவி வர்ஜில் பாடிய, டிராய் வீரன் ஈனியாஸின் கதையைத்தான் தோட்டமாகப் போட்டிருக்கிறார்கள் என்று பலர் எழுதுகிறார்களே, அது எவ்வளவு தூரம் சரி? கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. எங்கெங்கே படி ஏற வேண்டியிருக்கும் என்றும் சொன்னால் பெரிய உதவி.

கரையோரம் எழுதியது:

இடஞ்சுழியாகச் சுற்றுங்கள். ஏரி எப்போதும் உங்கள் இடது கைப்பக்கம் இருக்கட்டும். ஆனால் திசையைவிடத் தொடங்கும் இடம் முக்கியம், பலர் கோட்டை விடுவது அங்கேதான்.

வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பலர் நேராக ஸ்டவர்டன் கிராமத்துப் பக்கம் இறங்கி உள்ளே போய்விடுகிறார்கள். அந்த வழியில் போனால் நாலு எட்டு வைப்பதற்குள் பிரிஸ்டல் சிலுவைக் கம்பம், பாலம், ஏரி, பாந்தியன் (நீங்கள் சொன்ன தூண் வைத்த மண்டபம்) எல்லாம் ஒரே மூச்சில் கண்முன் வந்து நின்றுவிடும். விடுகதை போடுவதற்கு முன்னாலேயே விடையைச் சொன்ன கதைதான். ஹோர் வீட்டிலிருந்து நடந்து வந்தவர். விருந்தாளிகளும் அப்படித்தான் வந்தார்கள். நீங்களும் மாளிகைப் பக்கம் போய், தெற்குப் புல்வெளியைக் கடந்து, மரநிழல் பாதை வழியாகச் சரிவில் இறங்குங்கள். மாளிகையிலிருந்து ஏரி தெரியவே தெரியாது. மரங்களுக்கு நடுவே நடக்கும்போது கீழே தண்ணீர் பளிச்சென்று ஒரு கீற்று தெரியும், மறையும். அக்கரைக் கோயில் ஒன்று தலைகாட்டும், அதுவும் மறையும். இந்தத் தோட்டத்தின் மயக்கமே இப்படிக் காட்டிக் காட்டி மறைப்பதில்தான் இருக்கிறது.

கீழே இறங்கியதும் கிழக்குக் கரையில் ஃபுளோரா கோயில். 1744–46-இல் கட்டியது, இங்கே எழுந்த கோயில்களில் முதலாவது. கட்டடக் கலைஞர் ஹென்றி ஃபிளிட்கிராஃப்ட். பக்கத்தில் ஓர் ஊற்று இருக்கிறது. கதவுக்கு மேலே இலத்தீனில் ஒரு வரி: தகுதியற்றவர்களே, விலகிப் போங்கள் என்று பொருள். அதை அண்ணாந்து படித்துவிட்டு அப்படியே திரும்பி ஏரியைப் பாருங்கள். அந்த வரி எதற்கு அங்கே இருக்கிறது என்பது புரியும்.

அங்கிருந்து வடக்குக் கோடியைச் சுற்றிப் போகும்போது பாதை மரத்துக்குள் நுழைந்துவிடும். பாந்தியன் காணாமல் போகும். வெளிச்சம் குறையும். பிறகு குகை வரும் (1748). கரடுமுரடான பாறைக் கற்களை அடுக்கிய நடை, உள்ளே வட்டமான அறை, குவிமாடத்தின் உச்சியில் ஒரு துளை. அந்த ஒரு துளை வெளிச்சத்தில் ஒரு நீர்மங்கை படுத்துத் தூங்குகிறாள். பார்க்கச் சலவைக்கல் போலிருக்கும், உண்மையில் ஈயத்தில் வார்த்து வெள்ளை பூசியது. ஜான் சியர் என்ற சிற்பியின் வேலை. அவளுக்கு அடியிலிருந்து ஊற்று நீர் வழிந்து முன்னாலிருக்கும் குளிர்ந்த தொட்டியில் விழுகிறது. ஹோர் வெயில் காலத்தில் அதில் இறங்கிக் குளித்திருக்கிறார்.

இங்கே அவசரப்படாதீர்கள். மங்கையைப் பார்த்து நின்றால், உங்கள் முதுகுப் பக்கம் பாறையில் ஒழுங்கில்லாத ஒரு சாளரம் இருக்கும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே. இருட்டுக்குப் பழகிய கண்ணோடு அதன் வழியே குனிந்து பார்த்தால் ஏரியும் அக்கரைக் கிராமமும் வெயிலில் ஜொலிக்கும். கற்களின் ஈரம், அடியில் நீரோசை, வெளியே வெளிச்சம். தோட்டம் முழுவதிலும் இதைவிடக் கச்சிதமாகச் சட்டம் போட்ட காட்சி வேறு இல்லை என்பது என் கணிப்பு. எதிர்த்திசையில் சுற்றி வருகிறவர்கள் இதை விட்டுவிட்டு நடந்துவிடுவதும் உண்டு.

அடுத்த அறையில் நதித் தெய்வம் கை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவும் ஜான் சியரின் ஈயச் சிலை. அந்தக் கை நீங்கள் போகவேண்டிய வழியைக் காட்டுகிறது. படியேறி வெளிச்சத்துக்கு வந்தால் காத்திக் குடிலைத் தாண்டி பாந்தியன் (1753–54), இம்முறை பக்கத்திலேயே. எதிர்ப்புறமாக வந்தால் நதித் தெய்வம் உங்களுக்கு வந்த வழியையே காட்டிக்கொண்டிருப்பார்.

பாந்தியனுக்குள் ரைஸ்பிராக் செதுக்கிய ஹெர்குலிஸ் நிற்கிறார், 1756-இல் முடித்த சலவைக்கல் சிலை. ஆனால் அந்த முகப்பில் நின்று முக்கியமாகப் பார்க்க வேண்டியது எதிர்க்கரை. நீங்கள் படங்களில் பார்த்த அதே பாலம் இப்போது தூரத்தில் இருக்கும், பின்னால் கிராமமும் தேவாலயமும். 1762-இல் பாலத்தைப் பற்றி மகளுக்கு எழுதியபோது ஹோர் இதைத்தான் சொன்னார்: பாந்தியனில் நிற்பவருக்கு வளைவுகளின் வழியே தண்ணீர் தெரியும், கிராமத்தின் ஊடே ஓர் ஆறு ஓடிவருவது போலவும் இது ஊர்ப் பொதுப்பாலம் போலவும் தோன்றும், காஸ்பார் (17-ஆம் நூற்றாண்டு நிலக்காட்சி ஓவியர்) தீட்டிய ஓவியம் மாதிரி இருக்கும் என்று. அங்கே ஆறு எதுவும் ஓடவில்லை. ஏரியின் ஒரு சின்னக் கை முடிகிற இடம் அது. இல்லாத ஆற்றை இருப்பதாக நம்பவைக்கத்தான் அந்தப் பாலம்.

அதன்பிறகு இரும்புப் பாலம் (1860, ஹோர் காலத்தது இல்லை), ஏரிக்கரை, பாறைப் பாலத்தின் மேல் சாலையைத் தாண்டிச் செங்குத்தாக ஏறினால் அப்பல்லோ கோயில். 1765, லெபனானின் பால்பெக்கில் உள்ள வட்டக் கோயிலைப் பார்த்துப் போட்டது. சுற்றி வந்த இடமெல்லாம் அங்கிருந்து கீழே விரிந்து கிடக்கும். இறங்கும்போது சாலைக்கு அடியில் ஒரு சுரங்க நடை, அதைத் தாண்டிக் கிராமம், பாலம். புகழ்பெற்ற அந்தப் படத்தின் இடத்துக்குக் கடைசியில் வந்து சேர்வீர்கள். அப்போது அக்கரை மண்டபம் வெறும் அழகாகத் தெரியாது. உள்ளே போய்வந்த இடமாகத் தெரியும்.

அம்மாவுக்கு: ஏரியைச் சுற்றி ஏறக்குறைய 2 கி.மீ., பெரும்பாலும் சமமான சரளைப் பாதை. சிரமம் மூன்று இடத்தில். மாளிகையிலிருந்து இறங்கும் சரிவு, குகையின் ஏற்றத்தாழ்வான ஈரப் படிகள், அப்பல்லோ ஏற்றம். குகைக்குள் போகாமல் வெளியே சுற்றிப் போகப் பாதை இருக்கிறது. அப்பல்லோவைத் தவிர்த்துக் கீழ்ப்பாதையிலேயே கிராமத்துக்குப் போய்விடலாம். அக்டோபரில் சரிவில் விழுந்த பீச் இலை நனைந்தால் எண்ணெய் தடவியது போல வழுக்கும். அம்மா மட்டும் கிராமத்து வழியாக வந்து ஃபுளோரா கோயில் படியில் உங்களோடு சேர்ந்துகொள்வது நல்லது.

மதகடி எழுதியது:

கரை எங்கே என்று கேட்டீர்கள். அதன்மேல்தான் நடப்பீர்கள். தென்மேற்கு மூலையில், இரும்புப் பாலத்தைத் தாண்டி அப்பல்லோ பக்கம் போகும் நேரான பாதை இருக்கிறதே, அதுதான் ஏரிக்கரை. இருபுறமும் மரமும் புதரும் இருப்பதால் வழக்கமான தோட்டப் பாதை என்று நினைத்து நடந்துவிடுவோம். வலப்பக்கம் எட்டிப் பாருங்கள்: தரை திடீரென்று கீழே போயிருக்கும், இன்னொரு நீர்நிலையும் தெரியும். அந்த உயர வித்தியாசம்தான் கரையின் உயரம்.

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. ஸ்டவர் ஆற்றின் தலைப்பு இங்கே. மேலே பச்சை மணற்கல், அதற்கடியில் நீர் இறங்காத களிமண் படிவம். மணற்கல்லில் ஊறி இறங்கும் மழைநீர் களிமண்ணைத் தொட்டதும் மேற்கொண்டு இறங்க வழியில்லாமல் பள்ளத்தாக்கின் ஓரங்களில் ஊற்றாக வெளிவருகிறது. வழிவழியாக அங்கே சில மீன் குளங்கள் இருந்தன. ஹோர் 1754 வாக்கில் பள்ளத்தாக்கின் வாயைக் கரை போட்டு அடைத்தார். குளங்கள் எல்லாம் ஒரே ஏரிக்குள் முழுகிப்போயின. ஆகவே ஏரியின் ஓரம் யாரும் வரைந்த கோடு இல்லை. பள்ளத்தாக்கின் சம உயரக் கோடு எதுவோ அதுவே கரையோரம். அது இயற்கை போலத் தெரிவதற்கு முதல் காரணம் இதுதான். தோண்டிய குளத்தில் இந்த நெளிவு வராது.

இன்னொரு நுட்பம்: எந்த இடத்தில் நின்றாலும் ஏரி முழுதாகத் தெரியாது. ஒரு கை எப்போதும் மரத்துக்குப் பின்னால் வளைந்து மறையும். முடிவு தெரியாத தண்ணீரைக் கண் பெரிதாக எண்ணிக்கொள்ளும்.

அந்தக் காலத்துக் கரை போடும் முறை நம் ஊர் ஏரி தெரிந்தவர்களுக்குப் புதிதாக இருக்காது. முதலில் கரை வரப்போகும் கோட்டில் புல்லும் வேரும் மேல்மண்ணும் சுரண்டி எடுத்து, நீர் இறங்காத மண் தட்டுப்படும் வரை வாய்க்கால் வெட்டுவார்கள். அதில் பிசைந்த களிமண்ணை ஒரு சாண் கனத்துக்கு மேற்படாத அடுக்குகளாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, மனிதர்களோ மாடுகளோ மிதித்து முந்தைய அடுக்கோடு ஒட்டவைப்பார்கள். அடுக்கு கனத்தால் அடியில் காற்றுப் பொந்து நிற்கும். ஓர் அடுக்கு காய்ந்தபின் மேலே அடுத்ததைப் போட்டால் இரண்டும் ஒட்டாமல் இடையே நீர் கசியும். நடுவில் இந்தக் களிமண் சுவர், இருபுறமும் அதைத் தாங்க மண்சரிவு. அடியில் மதகு, ஓரத்தில் மிகுநீர் வழியக் கலிங்கு. ஸ்டவர்ஹெட்டில் அந்த வழிந்தோடலைக்கூட வீணாக்கவில்லை. 1766-இல் பாம்ஃபீல்டு என்ற ஓவிய நண்பர் வடிவமைத்துக் கொடுத்தபடி அதைப் பாறை அருவியாக விழவைத்தார் ஹோர்.

என்ன கெடும் என்றால் இரண்டு. ஒன்று, கரைமேல் உள்ள மரம். கரையை மறைக்கிறது, காட்சிக்கு வேண்டும். ஆனால் மரம் பட்டு வேர் மக்கினால் வேர் இருந்த தடம் குழாயாகி நீர் கசியும். புயலில் சாய்ந்தால் வேர்ப்பந்தோடு கரையில் ஒரு கூடை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு விழும். அதனால் கரைமேல் பெருமரம் வளரவிடாமல் குட்டையாக வைப்பதே முறை. கீழ்ச்சரிவில் புல் எப்போதும் வெட்டியிருக்க வேண்டும், ஈரம் கசிகிறதா என்று கண்ணால் பார்க்க வேறு வழியில்லை. இரண்டாவது, வண்டல். ஓடைநீர் ஏரிக்குள் வந்து வேகம் குறைந்ததும் சுமந்து வந்த மண்ணை வாயிலேயே போட்டுவிடும். அங்கே ஆழம் குறையும், நாணல் வரும், பிறகு அல்லி வந்து மூடும். பிம்பம் விழ வேண்டிய தண்ணீரில் இலை மிதக்கும். இங்கிலாந்தில் 25,000 கன மீட்டருக்கு மேல் நீர் தேக்கும், உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்று வகைப்படுத்திய நீர்த்தேக்கங்களை 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாண்டுக்கு ஒருமுறையாவது தனிப் பொறியாளர் வந்து பரிசோதிக்க வேண்டும். தோட்டத்து ஏரி என்பதால் விலக்குக் கிடையாது.

மாளிகைப் பக்கம் ஒன்றைத் தவறவிடாதீர்கள். புல்வெளி அப்படியே மேய்ச்சல் நிலத்தோடு கலப்பது போலிருக்கும், வேலியே தெரியாது. நடுவில் ஹாஹா என்று அவர்கள் அழைக்கும் பள்ளம் இருக்கிறது. வீட்டுப் பக்கம் செங்குத்தான தாங்குசுவர், மேய்ச்சல் பக்கம் சாய்வாக ஏறும் தரை. வீட்டிலிருந்து பார்த்தால் பள்ளம் புல்லுக்குள் மறையும், ஆடு மாடு சுவரைத் தாண்ட முடியாது. சுவருக்குப் பின்னால் சரளைக்குப் பதிலாகக் களிமண்ணை நிரப்பினாலோ, கசிவுத் துளை அடைந்தாலோ பின்னால் நீர் தேங்கி, குளிர்காலத்தில் உறைந்து தள்ளி, சுவர் வயிறு முட்டிக்கொண்டு நிற்கும். எந்தப் பழைய தோட்டத்தில் ஹாஹாவைப் பார்த்தாலும் முதலில் சுவர் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். பராமரிப்பின் லட்சணம் அதிலேயே தெரிந்துவிடும்.

ஓலைச்சுவடி எழுதியது:

ஈனியாஸ் விஷயத்தில் பாதி உண்மை. ஆதாரம் உள்ள பாதியைச் சொல்கிறேன்.

ஃபுளோரா கோயில் கதவில் உள்ள வரி வர்ஜில் காவியத்தின் ஆறாம் பகுதியில் வருவது. ஈனியாஸ் பாதாளத்துக்கு இறங்கும் முன் சிபில் என்ற குறிசொல்பவள் சொல்லும் வார்த்தை. குகைப் பாதையைப் பற்றிய ஒரு கடிதத்தில் ஹோரே அதே பகுதியிலிருந்து, பாதாளத்துக்கு இறங்குவது எளிது என்ற தொடரை எடுத்து எழுதியிருக்கிறார். கிளோட் லோரேன் 1672-இல் தீட்டிய ஓவியம் ஒன்று லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது: டெலோஸ் கடற்கரையில் ஈனியாஸ். தூண் முகப்பு, பாந்தியன் போன்ற குவிமாடம், பாலம், எல்லாம் அதில் உண்டு. ஸ்டவர்டன் கரையில் நின்று பார்க்கும் காட்சியோடு ஒப்பிட்டால் ஒற்றுமை பளிச்சென்று தெரியும்.

ஆனால் ஈனியாஸுக்கு இந்தத் தோட்டத்தில் ஒரு சிலைகூட இல்லை. கதையை அடியொற்றிப் போட்டிருந்தால் நாயகனை விட்டுவிடுவார்களா? நடுநாயகமாக நிற்பவர் ஹெர்குலிஸ். இன்பத்தின் வழியா அறத்தின் வழியா என்று ஹெர்குலிஸ் தேர்ந்தெடுக்கும் காட்சியை நிக்கோலா பூசான் தீட்டிய ஓவியம் ஹோர் வாங்கியது, இன்றும் மாளிகையில் இருக்கிறது, போனால் பாருங்கள். கோயில்களும் ஒரே திட்டத்தில் எழுந்தவை அல்ல. ஃபுளோராவுக்கும் அப்பல்லோவுக்கும் இடையே இருபது ஆண்டு. துருக்கியக் கூடாரம், மரக்கட்டைகளால் கட்டிய துறவிக் குடில் எல்லாம் வந்து போயின. ஆகவே கதையைத் தோட்டமாக்கினார் என்பதைவிட, வர்ஜிலையும் லோரேனையும் தலைகீழ்ப் பாடமாக அறிந்த ஒருவர் ஒவ்வொரு மூலையிலும் அவர்களை நினைத்துக்கொண்டார் என்று படிப்பதே பொருந்தும்.

ஹோருக்கு 1743-இல் மனைவி இறந்தார். 1752-இல் ஒரே மகன் நேப்பிள்ஸில் இறந்தார். குகையும் பாந்தியனும் கரையும் எழுந்த ஆண்டுகளை இதோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் மனம் ஒரு கதையைக் கட்டத்தான் செய்கிறது. துக்கத்தால்தான் குகை கட்டினார் என்று அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் அந்த இருட்டிலிருந்து படியேறி வெளிச்சத்துக்கு வரும்போது இந்த ஆண்டுகள் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது, தடுக்க வேண்டியதும் இல்லை.

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து என்பதையும் மறக்கக் கூடாது. ஹோர் குடும்பம் 1672-இல் தொடங்கிய வங்கியின் சொந்தக்காரர்கள். 1720-இன் தென்கடல் கம்பெனிப் பங்குப் பித்தில் நாடே மூழ்கியபோது, நேரத்தில் விற்று வெளியேறிய அந்த வங்கி 28,000 பவுண்டுக்கு மேல் லாபம் பார்த்தது. அந்தக் கம்பெனிக்கு ஸ்பானிய அமெரிக்காவுக்கு அடிமைகளை ஏற்றி அனுப்பும் உரிமை இருந்தது. சர்ரேயில் பெயின்ஸ்ஹில் தோட்டத்தைப் போட்ட சார்லஸ் ஹாமில்டனுக்கும் ஹோர் கடன் கொடுத்தவர். ஹாமில்டன் கடன் தாளாமல் 1773-இல் தோட்டத்தை விற்றுப் போனார். ரசனை இருவருக்கும் ஒன்றுதான். ஹோருக்கு வங்கி இருந்தது.

சோலைவாசி எழுதியது:

மரங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோயில்களைக் கழற்றி எடுத்துவிட்டாலும் ஸ்டவர்ஹெட் ஸ்டவர்ஹெட்டாக நிற்கும், மரத்தை எடுத்தால் நிற்காது.

ஹோரின் நடவு விதி இன்றும் பதிவாகக் கிடைக்கிறது. ஓவியத்தில் நிழலைத் திரளாக வைப்பது போலப் பச்சையையும் திரளாக வைக்க வேண்டும். கரும்பச்சைத் திரளுக்கு எதிரே இளம்பச்சைத் திரள். ஒவ்வொரு கரும்பச்சைக்குள்ளும் அங்கங்கே கொஞ்சம் இளம்பச்சை தூவியது போல. இதற்கு அவர் பயன்படுத்தியது முக்கியமாக பீச்சும் ஊசியிலை மரங்களும். பூ ஏறக்குறைய இல்லை. இன்று மே மாதத்தில் கரையெல்லாம் ஊதாவும் சிவப்புமாகப் பூத்துக் கிடப்பதைப் பார்த்து அதுதான் 18-ஆம் நூற்றாண்டு என்று நினைத்துவிடுகிறார்கள். அது பேரன் ரிச்சர்ட் கோல்ட் ஹோர் 1791 முதல் நட்ட ரோடோடென்ட்ரானும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹோர் குடும்பத்தின் ஆறாம் பாரோனெட் (பரம்பரைப் பட்டம்) சேர்த்த கலப்பின வகைகளும். (நீலகிரிச் சோலையோரம் சிவப்பாகப் பூக்கும் மரத்தின் இனம்தான், ஆனால் இங்கே புதராக மண்டும் வகை.) இதை வேண்டாம் என்பவர்களும் உண்டு. கண்ணை அமைதிப்படுத்தும் பச்சைக்கு நடுவே அந்த ஊதா கத்துகிறது என்பது அவர்கள் வாதம், எனக்கும் அதுவே உடன்பாடு. அதனால்தான் அக்டோபர் நல்ல தேர்வு. ரோடோடென்ட்ரான் வெறும் கரும்பச்சைத் திரளாகிவிடும், பீச் செம்பு நிறத்துக்கு மாறும், ஏரியோர டியூலிப் மரங்கள் மஞ்சளாகும். ஹோர் சொன்ன எதிர்நிறத் திட்டம் அந்த இரண்டு மூன்று வாரம்தான் அப்பட்டமாகத் தெரியும்.

பொன்டிகம் என்ற அந்த ரோடோடென்ட்ரான் வகை ஏன் தலைவலி என்றால், வெட்டினால் சாகாது. அடியோடு வெட்டிய கட்டையில் ஒரு தண்டுக்குப் பத்துத் தண்டு தழைக்கும். தாழ்ந்த கிளை மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டுத் தனிச் செடியாகும். ஒரு முதிர்ந்த புதர் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் தூசி போன்ற விதைகளைக் காற்றில் விடும். எனவே காட்சிக்கோட்டைத் திறக்க வேண்டுமென்றால் வெறும் கத்தரிப்பு போதாது. தரையை ஒட்டி அறுத்து, வெட்டுவாய் ஈரம் காய்வதற்குள் களைக்கொல்லி தடவ வேண்டும், அல்லது வேர்ப்பந்தைப் பெயர்த்துத் தலைகீழாகப் போட வேண்டும். பிறகும் இரண்டு மூன்று ஆண்டு விடாமல் வந்து தழைப்பைப் பார்க்க வேண்டும். விட்டால் பாந்தியனுக்கும் ஃபுளோராவுக்கும் இடையே பார்வையே இருக்காது. இதன் இலைதான் பைட்டாப்தோரா ராமோரம் என்ற நுண்ணுயிர் பெருகும் இடம். அங்கிருந்து தெறித்து லார்ச், பீச் மரங்களையும் பிடிக்கும். போய்வந்த பிறகு காலணியின் அடிச் சேற்றைத் தட்டிவிட்டு, அடுத்த காட்டுக்குப் போங்கள்.

பீச்சின் ஆயுள் இருநூறு, இருநூற்றைம்பது ஆண்டு. ஒரே தலைமுறையில் நட்டால் ஒரே தலைமுறையில் விழும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிப் புதிதாக நடவும் முடியாது, ஒவ்வொன்றும் விழட்டும் என்று காத்திருந்து இடைவெளியில் நட்டால் இளங்கன்று நிழலில் ஒல்லியாக நெளிந்துபோகும். சிறுசிறு திட்டாகத் திறந்து, ஓரம் ஓரமாக நட்டு வருவதுதான் நடைமுறை. புல்வெளியில் வேலி கட்டிய சிறு கன்றைப் பார்த்தால், நம் பேரப்பிள்ளைகள் பார்க்கப்போகும் திரள் அது.

தேன்சிட்டு எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. மாளிகை வழியே இறங்குவது என்று முடிவாகிவிட்டது, அம்மா ஃபுளோரா கோயிலில் வந்து சேர்ந்துகொள்வார். வெளிச்சத்தைப் பற்றி யாராவது சொல்லுங்களேன். லண்டனிலிருந்து ரயிலில் வருகிறோம். ஜில்லிங்கம் நிலையம் என்று போட்டிருக்கிறது.

கரையோரம் எழுதியது:

முதலில் ரயில். ஒரே எழுத்தில் இரண்டு ஊர் இருக்கிறது. கென்ட்டில் இருப்பது ஜில்லிங்கம், டார்செட்டில் இருப்பது கில்லிங்கம். உங்களுக்கு வேண்டியது கில்லிங்கம், டார்செட். லண்டன் வாட்டர்லூவிலிருந்து எக்ஸிட்டர் போகும் பாதையில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். சீட்டு வாங்கும்போது டார்செட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் நேர் எதிர்த்திசையில் போய் நிற்பீர்கள். நிலையத்திலிருந்து தோட்டத்துக்குப் பத்து கி.மீ. சொச்சம். வாசலில் டாக்சி நிற்கும் என்று நம்ப வேண்டாம். போகவும் திரும்பவும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வெளிச்சம்: பாந்தியன் மேற்குக் கரையில் கிழக்கு பார்த்து நிற்கிறது. காலை வெயில் முகத்தில் விழும், பிற்பகலில் முகப்பு இருண்டுவிடும். காற்றும் காலையில்தான் அடங்கியிருக்கும். அப்பல்லோவிலிருந்து கீழே பார்ப்பதற்குப் பிற்பகல் சரிந்த வெயில் நல்லது. ஆகவே திறக்கும் நேரத்துக்கே வந்து இடஞ்சுழியாக நடந்தால், பாந்தியனைக் காலை வெயிலிலும் அப்பல்லோவை மாலை வெயிலிலும் பார்க்கலாம். இடையில் மாளிகைக்கு நேரம் கொடுங்கள். 49 மீட்டர் உயர ஆல்ஃபிரட் கோபுரம் தனியே தொலைவில் இருக்கிறது, 205 படி. அம்மாவோடு போகும் நாளில் வேண்டாம்.

படத்துக்கு இரண்டு குறிப்பு. தண்ணீருக்குப் போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும், பளபளப்பை வெட்டும் வடிகட்டி) போட்டே ஆகவேண்டும் என்று பழகியவர்கள் இங்கே கெடுத்துக்கொள்கிறார்கள். அதைத் திருப்பினால் பளபளப்போடு பிம்பமும் போய்விடும். கழற்றுங்கள், அல்லது பிம்பம் அழுத்தமாகத் தெரியும் கோணத்தில் நிறுத்துங்கள். இரண்டாவது, போனின் அகலக் கோணத்தில் எடுத்தால் பாந்தியன் சுண்டைக்காய் அளவுக்குச் சுருங்கிப்போகும். 70 முதல் 100 மி.மீ. வரை இழுத்து எடுத்தால் பாலமும் பாந்தியனும் நெருங்கி வரும். வெளிறிய கல் வெளுத்துப்போகாமல் இருக்க கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) முக்கால் ஸ்டாப் குறையுங்கள்.

இன்னொன்று, அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நீங்கள் போவது அதற்கு முந்திய நாள் என்றால் ஆறு மணிக்குச் சற்று முன்னால் இருட்டும். மறுநாள் என்றால் ஐந்துக்கு முன்பே. டாக்சிக்காரரிடம் நேரம் சொல்லும்போது இதையும் பார்த்துச் சொல்லுங்கள்.